சத்தியம் செய்த கை

கண்மாயைச் சாயக் கம்பெனிக்குக் கொடுக்கக் கூடாது என்று தெற்குத் தெருப் பெண்கள் எல்லோரும் பேசி முடித்தார்கள். ஆனால் ஒருத்திக்கு ஒருத்தி நம்பிக்கையில்லை. போன முறை இப்படிப் பேசிவிட்டு, கம்பெனி கொடுத்த சேலையை வாங்கிக்கொண்டு பாதிப் பேர் மாறியிருந்தார்கள், இருளாயி உட்பட. அதனால் இன்று கிராம சபைக்குப் போகிற வழியில் கருப்பர் கோயிலில் நின்றார்கள். ஆளுக்கொரு சூடத்தை வலது உள்ளங்கையில் ஏற்றி, அது எரிந்து முடியும்வரை கையை உதறாமல் சத்தியம் செய்தார்கள்.

சபை மண்டபத்தில் கிளார்க் பெயரைக் கூப்பிட, இருளாயிதான் முதலில் ரேகை பார்க்கும் ஓட்டுப்பெட்டியின் கண்ணாடிமேல் கையை வைத்தாள்.

"இருளாயி வரவில்லை. அவருடைய பதிலி வாக்களிக்கும்" என்றது பெட்டி.

பதிலி என்பது சபைக்கு வராதவர்களுக்கான ஏற்பாடு. ஒருவரின் பழைய ஓட்டுகளைப் பார்த்து, அவரைப் போலவே ஓட்டுப் போடும்.

"நான் இங்கதானய்யா நிக்கிறேன்!" என்று கிளார்க்கிடம் கத்தினாள்.

"தோலு வெந்துபோச்சே அத்தை. ரேகை இல்லாம அது எப்படி நம்பும்?"

"அப்ப இந்தா, இடது கை!"

"வலது கைதான் பதிஞ்சிருக்கு."

அவள் மறுபடி மறுபடி அழுத்தினாள். கொப்புளம் உடைந்து கண்ணாடி நனைந்தது. பின்னால் வரிசையில் நின்ற பெண்கள் ஒவ்வொருத்தியும் தன் கையை விரித்துப் பார்த்தாள்.

"கருப்பா, நீயாச்சும் சொல்லு, நான் வந்துட்டேன்னு!"

பெட்டிக்குள்ளிருந்து இருளாயியின் குரலே, சேலை வாங்கிய வருடம் சொன்ன அதே பணிவோடு, "சம்மதங்க" என்றது.