அதியமான்கோட்டையில் ஒரு கடல்

"சின்னராஜ் காலையில வண்டி கொண்டாந்துருவான், கோகிலா. தொட்டியக் குடுத்துரலாம்."

பிரபாகர் சட்டையைக்கூடக் கழற்றாமல் மீன் தொட்டியின் முன்னால் உட்கார்ந்திருந்தான். ஓசூருக்குக் கம்பெனி பஸ்ஸில் போய்வந்த அலுப்பு ஒரு பக்கம். தண்ணீரின் மேலே மல்லாந்து கிடந்த ஆரஞ்சு நிற மீன் இன்னொரு பக்கம். வலையை எடுத்து அதை அள்ளக்கூட அவனுக்குக் கை வரவில்லை.

கோகிலவாணி தையல் மெஷினை நிறுத்தினாள். "சின்னராஜுக்கு எதுக்குங்க மீன் தொட்டி?"

"டீக்கடையில வடை அடுக்கி வெக்கறதுக்காம்."

"வடைக்கா!"

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கையில் இருந்த ஜாக்கெட் துணியை மடியில் போட்டுக்கொண்டாள்.

கடலைப் பார்க்க ராத்திரி பஸ் ஏற வேண்டிய ஊர் அது. அங்கே போய் ஹாலில் கடல் வளர்க்கிறேன் என்று ஒருவன் கிளம்பினால் ஊர் சும்மா விடுமா? "குழம்புக்குத் தேறுமா?" என்று கேட்காத ஆள் பாக்கியில்லை. பிரபாகர் அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கல்யாணமான புதிதில் கோகிலா போனில் ஏதோ வீடியோ பார்த்துவிட்டு, "பவளம்னா கல்லுன்னு நெனச்சேன், அதுக்கு உசுரு இருக்குதுங்களா?" என்று கண்ணை விரித்துக் கேட்டாள். அந்த ஒரு கேள்விக்காக வாங்கிய தொட்டி.

வாங்கினானே தவிர, ஒரு பவளமும் தங்கவில்லை. பூப்போல விரிந்து வந்ததெல்லாம் கொஞ்ச நாளில் வெளுத்துச் சுருங்கிப் போனது. பச்சைப் பாசி மட்டும் கேட்பாரில்லாமல் செழித்தது. விளக்கை மாற்றினான். கடல் தண்ணீர் கலக்கவென்றே விற்கிற உப்பை வேறு கம்பெனியில் வாங்கிப் பார்த்தான். பாசியைத் தின்னட்டும் என்று நத்தை விட்டான்; நத்தையும் செத்தது. கண்ணாடியில் படியும் வெள்ளையைச் சுரண்டுவதிலேயே அவனுடைய ஞாயிற்றுக்கிழமைகள் போயின.

இன்றைக்கும் பஸ்ஸில் இருந்தபடியே மீன் அனுப்பிய சென்னைக் கடைக்காரரிடம் கத்தித் தீர்த்திருந்தான்.

"உங்க ஊர் போர் தண்ணி ஏதாச்சும் ஊத்துனீங்களா சார்? அது பட்டா பவளம் தாங்காதே" என்று கேட்டிருந்தார் அவர்.

"எனக்கு அதுகூடத் தெரியாதா? எல்லாம் சுத்தமான கேன் தண்ணிங்க!" என்று வெடுக்கென்று போனை வைத்திருந்தான்.

இப்போது அந்தக் கோபமும் வடிந்துவிட்டது.

"என் கைராசி அவ்வளவுதான். நான் தொட்டது எதுவும் பொழைக்காது" என்றான்.

"அப்படிச் சொல்லாதீங்க. இன்னும் ஒண்ணு இருக்குதில்லைங்க?"

மிஞ்சிய மீன் கண்ணாடி ஓரமாக ஜோடியைத் தேடி அலைந்துகொண்டிருந்தது. அதைப் பார்க்க அவனுக்குச் சகிக்கவில்லை.

"என்னால முடியல கோகிலா. பஸ்ஸ வுட்டு எறங்கும்போதே இன்னைக்கு எது செத்திருக்குமோன்னுதான் நெனப்பு ஓடுது. சொந்த வூட்டுக்கு வர்றதுக்கே பயமா இருக்குது. போதும், வுட்ரலாம்."

அவள் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "நீங்க வந்து சாப்ட்டுட்டுத் தூங்கிடறீங்க. பகல் பூரா எனக்குத் தொணை இதுங்கதானுங்க. இதுங்ககிட்டதான் பேசறேன், கோவிச்சுக்கறேன். இந்த எடத்துல தொட்டி இல்லாம வெறுஞ்செவுரு இருந்தா நான் யாரப் பாத்துட்டு மெஷின் மிதிக்கறது?"

பிரபாகருக்குச் சுருக்கென்றது. தான் ஒருத்தன்தான் இதோடு மல்லுக்கட்டுவதாக இத்தனை நாளும் நினைத்திருந்தான். அவளுக்குள் இவ்வளவு இருக்கும் என்று அவன் கண்டானா?

போனை எடுத்தான்.

"சின்னராஜ், நாளைக்கு வண்டி வேணாம்டா. வடைக்கு வேற பெட்டி பாத்துக்க."

கோகிலா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அவன் ஒருவழியாகச் செத்த மீனை வலையில் அள்ளினான்.

"மொதல்ல இருந்து ஆரம்பிக்கலாம். தொட்டியக் காலி பண்ணி, கல்ல எல்லாம் கழுவி, புதுசா உப்பு கலக்கலாம். அதுவரைக்கும் இத வாளியில வெச்சுக்கலாம்" என்றான். "இந்த வாட்டி எங்க தப்பு நடக்குதுன்னு கண்டுபிடிச்சே ஆகணும். வெளக்கு, உப்பு, தீனி, நான் பாக்கற எல்லாத்து மேலயும் எனக்குச் சந்தேகமா இருக்குது. பகல்ல தண்ணி சுண்டறப்ப நீ கேன் தண்ணி ஊத்தி நெரப்பற பாரு, அது ஒண்ணுலதான் குத்தமே சொல்ல முடியாது. அத மட்டும் இதுவரைக்கும் செஞ்ச மாதிரியே செய்யி."

கோகிலாவின் முகம் பூரித்துப் போனது. உடனே கொஞ்சம் தயங்கினாள். பிறகு அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கோவிச்சுக்க மாட்டீங்கன்னா ஒண்ணு சொல்றேங்க. கேன் தண்ணிய நான் சமையலுக்கு வெச்சுக்கிட்டேன். கடல் மீனுக்குப் போயி யாராச்சும் நல்ல தண்ணிய ஊத்துவாங்களா? பாஞ்சாலியக்கா தோட்டத்துப் போர்ல இருந்து தெனமும் ஒரு கொடம் இடுப்புல சொமந்துட்டு வந்து ஊத்தறேங்க. நம்ம ஊர்லயே அதுதான் பயங்கர உப்புத் தண்ணி, பருப்புகூட வேகாது!"