மிச்சிகன் பின்வாங்கல்

மிச்சிகனில் ஜனநாயகக் கட்சி தோற்கவில்லை என்றார் ஆய்வாளர் அருள்நாயகம்.

2010 நவம்பர். கனடாவில், ஸ்காபரோவின் வெக்ஸ்போர்ட்டில் ஒரு கடைத்தொகுதியின் மாடியில் இருந்த தமிழ் வானொலி நிலையம். அமெரிக்கத் தேர்தல் முடிவுகள் வந்துவிட்டன. காங்கிரஸ் இடங்கள், மாநிலச் சட்டசபை, நீதவான்மாரையும் வோட்டுப் போட்டே தெரியும் மாநில உச்ச நீதிமன்றம் என்று மூன்றிலும் அந்தக் கட்சி மிச்சிகனில் மண் கவ்வியிருந்தது.

மூன்றையும் அது அள்ளும் என்று போன கிழமை இதே மைக்கில் சொன்னவர் அருள்நாயகம்.

ஊரில், வன்னிக்குள் சண்டை நடந்த காலத்தில் அவர் களநிலை பேசத் தொடங்கினால், குழம்பு அடிப்பிடித்தாலும் ஸ்காபரோவில் ரேடியோவை விட்டு எழும்பமாட்டார்கள். சண்டை போன வருசம் முடிந்தது. அதோடு அவருக்கு வந்த போன்களும் நின்றன.

"அண்ணை, இண்டைக்கும் ஒருத்தரும் எடுக்காட்டி இந்த நேரத்தைச் சாத்திரியாருக்குக் குடுக்கப்போறன். அவரும் நடக்கப்போறதைத்தானே சொல்லுறார்" என்று நிலைய உரிமையாளர் அமிர்தநாதர் முன்பே சொல்லிவிட்டார்.

போன் அடித்தது.

"வணக்கம். மல்வேர்னில இருந்து மனோரஞ்சிதம். அண்ணை, அவை தோத்திட்டினமோ?"

"அப்பிடிச் சொல்லக்கூடாது தங்கச்சி. உது தந்திரோபாயப் பின்வாங்கல்."

"காங்கிரசில இடம் பறிபோயிட்டுதே?"

"பறிபோகேல்லை. விட்டுக் குடுத்தது."

"சட்டசபை?"

"எதிரியை உள்ளுக்கு விட்டிருக்கினம். உள்ளுக்கு விட்டுத்தான் அடிப்பினம்."

"நீதவான்மார் கோட்டுக்குள்ளயிருந்து எங்க அண்ணை பின்வாங்கிறது?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அமிர்தநாதர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"தங்கச்சி, இப்ப உங்களுக்கு என்ன வேணும்?"

"தோத்துப்போச்சு எண்டு உங்கட வாயால ஒருக்காச் சொல்லுங்கோ. அவ்வளவுதான்."

அருள்நாயகம் கையைக் காட்டினார். புடைவைக் கடை விளம்பரம் ஓடத் தொடங்கியது.

"மற்ற ரேடியோக்காரர் ஏவிவிட்ட ஆள்" என்றார் அவர். "வேலைவெட்டி இல்லாத மனிசி. மிச்சிகனில அவவுக்கு வோட்டு இருக்கோ?"

"உங்களுக்கும் இல்லைத்தானே அண்ணை. ஆனா இஞ்ச பாருங்கோ, எல்லா லைனும் நிரம்பியிட்டுது. உங்கட நிகழ்ச்சியைக் காப்பாத்திறதே அவதான். லைனிலதான் நிக்கிறா, திருப்பி விடுறன்."

அருள்நாயகத்துக்குக் குரல் கனிந்துவிட்டது.

"நேயர்களே, மனோரஞ்சிதம் தங்கச்சி இன்னும் எங்களோடதான் நிக்கிறா. பிள்ளை, நான் எத்தினையோ வருசமா ஆய்வு செய்யிறன். தோல்வி எண்ட சொல்லை ஒருநாளும் பாவிச்சதில்லை. ஏனெண்டால், சனம் சோரக்கூடாது."

"ஓம் அண்ணை. நான் ஒருநாள் தவறாமல் கேட்டனான்."

"பாத்தியளே! அமெரிக்க அரசியலில இவ்வளவு ஆர்வமுள்ள எங்கட பெண்கள் குறைவு. சொல்லுங்கோ, அந்தச் சொல்லில உங்களுக்கு என்ன அப்பிடி ஒரு பிடிவாதம்?"



"அமெரிக்காவைப் பற்றி எனக்கு ஒண்டும் தெரியாது அண்ணை. போன வருசம் சித்திரையில, வன்னிக்குள்ள நிண்ட என்ர அக்கா எப்பிடியோ ஒரு போன் எடுத்தவ. அவ கடைசியாக் கதைச்சது அதுதான். 'கனடா ரேடியோவில அருள்நாயகம் அண்ணை என்னவாம் சொல்லுறார்? பிள்ளையளோட வெளிக்கிடட்டோ, நிக்கட்டோ?' எண்டு கேட்டவ. நீங்கள் சொன்னதைத்தான் அப்பிடியே சொன்னனான்."