நடு மண்டபத்தில் ஒருவன்

"பொம்மர் வருகுது!" என்று யாரோ குண்டுவீச்சு விமானத்தைக் கண்டு கத்தியதும் ஊரில் பாதி எங்கள் நூலகத்துக்குள் விழுந்தது.

மீதிப் பாதி வாசலில் நெரிந்தது.

அது கதைப் புத்தகங்கள் இருக்கிற நூலகம் அல்ல. குடாநாட்டின் மண், கிணறு, பனை, கோயில் கேணி, ஊர் வழக்கம் பற்றிய அறிக்கைகளும் வரைபடங்களும் மட்டும்தான். வருடத்துக்கு ஒருவர் வந்தால், அவருக்கு மேளம் பிடித்து வரவேற்காத குறை. சண்டை மறுபடி மூண்ட தொண்ணூறாம் ஆண்டில்தான் திடீரென்று எல்லோருக்கும் எங்கள் மேல் காதல் பிறந்தது.

காரணம், ஒல்லாந்தர் காலத்துச் சுவர். அதற்குள் யானையை நிற்கவைத்துப் பூசிவிடலாம். அவ்வளவு தடிப்பு.

நூலகராகிய நான் செய்தது இதுதான்: நடு மண்டபத்துச் சீமெந்துத் தரையில் காலைப் பரப்பி உட்கார்ந்துகொண்டேன்.

சுவரோரமெல்லாம் சனம், ஒருவர் மடியில் ஒருவர். நான் மட்டும் ஒரு கல்யாணப் பந்திக்கான இடத்தைப் பிடித்திருந்தேன்.

கைக்குழந்தையோடு நின்ற தங்கமுத்துவுக்குப் பொறுக்கவில்லை.

"ஐயா, கொஞ்சம் அரக்கி இருங்கோவன். நடு மண்டபம் என்ன உங்கடை சீதனமே?"

"வயித்துக்குள்ளை காத்து, பிள்ளை. கிட்ட வந்தால் பொம்மரே நல்லது எண்டுவாய்."

ஒருவரும் சிரிக்கவில்லை.

பொம்மர் தலைக்கு மேலே வட்டம் போட்டது. ஓட்டுக்குள்ளால் என் வழுக்கையைக் கண்டுவிட்டது என்று இன்றைக்கும் சத்தியம் செய்வேன். என் நெஞ்சு அடித்த அடியில் அலுமாரிக் கண்ணாடிகள் கிலுங்கின.

தங்கமுத்து என்னை நோக்கி ஒரு காலை எடுத்து வைத்தாள்.

"சுவரோடை ஒட்டடி!"

அந்த நூலகத்தில் அப்படியொரு குரல் அதற்கு முன் எழுந்ததில்லை. அவள் வெலவெலத்து ஒட்டிக்கொண்டாள். கிழடுக்கு உயிரிலை உள்ள ஆசையைப் பார் என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

உண்மைதான். மலையளவு ஆசை.

பொம்மர் கூவிக்கொண்டு குத்தி இறங்கியது. நிலம் ஒருமுறை எழும்பி அமர்ந்தது. வரைபடங்கள் மழையாய்க் கொட்டின. குண்டு பக்கத்துப் புகையிலைத் தோட்டத்தில்.

இரைச்சல் தேய்ந்து போனதும் சனம் வெளியே பாய்ந்தது. தங்கமுத்துவும் குழந்தையும் முழுசாகப் போனார்கள். போகும்போது அவள் பார்த்த பார்வையில் பச்சைப் பனையே பற்றியிருக்கும்.

என்னால் எழும்ப முடியவில்லை. என் இரண்டு காலுக்கும் நடுவே சீமெந்து வெடித்து வாய் பிளந்திருந்தது. காதில் செருகியிருந்த பென்சில் நழுவி, உருண்டு, அதற்குள் போனது.

மூச்சைப் பிடித்துக்கொண்டு காதைக் கொடுத்தேன்.

எங்கோ ஆழத்தில், தண்ணீரில், டொப்.

அலுமாரியில் இருந்த நிலத்தடி நீர் அறிக்கை பொய் சொல்லவில்லை. நடு மண்டபத்தின் கீழே சுண்ணாம்புக்கல் குகை. அதை மூடியிருப்பது பலகைத் தடிப்பில் ஒரு கல்; கூட்டம் ஏறினால் உடையும் என்று எழுதியிருந்தது. இதை நான் வாய் திறந்து சொல்லியிருந்தால், அத்தனை சனமும் வெளியே, பொம்மருக்குக் கீழே ஓடியிருக்கும்.

ஓர் ஆளைத் தாங்கும் என்று அந்த அறிக்கையில் இல்லை.

தாங்காது என்றும் இல்லை.