புதன்கிழமைப் பாட்டு வகுப்பு

உட்காரச் சொல்லி யாரும் வற்புறுத்த மாட்டார்கள். ஏன் நிற்கிறாய் என்றும் கேட்க மாட்டார்கள். உலகத்தில் இப்படி ஒரே ஒரு அறைதான் எனக்கு மிச்சம் என்று கெஸீனா நினைத்துக்கொண்டாள்.

நூலகத்தின் பின்னறையில் நாற்காலிகளுக்குக் குறைவில்லை. ஆனாலும் ஐந்து பேரில் மூவர் சன்னலோரம் சாய்ந்து, இடுப்பின் ஒரு பக்கத்துக்குப் பாரம் போகாமல் நின்றார்கள். ஐவருக்கும் குடலிறக்கத்துக்குச் செய்த அறுவை சிகிச்சை. ஐவருக்கும் குடல் மறுபடி பிதுங்காமல் உள்ளே தைத்து வைத்த ஒரு வலை. தழும்பு மங்கிப் போய்விட்டது. தும்மினால், காலுறை போடக் குனிந்தால், அடிவயிற்றின் ஓரத்தில் சூடு போடுகிற மாதிரி ஓர் இழுப்பு மட்டும் போகவே இல்லை.

"சைக்கிள்லயா வந்தே?" என்றார் வீபே. கூரைக்கு ஓடு வேய்கிறவர். ஏணி ஏறி மூன்று வருஷமாகிறது.

"தள்ளிக்கிட்டு வந்தேன்."

"அதானே பார்த்தேன். இந்த ஃப்ரீஸ்லாந்து மாகாணத்துலயே சைக்கிளைக் கைத்தடியா வெச்சிருக்கறது நாம அஞ்சு பேர்தான்." சொல்லிவிட்டுச் சிரித்தவர் உடனே அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டார். "பாரு, நான் சொன்ன ஜோக்குக்கு எனக்கே தண்டனை."

அன்னெமீக் எல்லாருக்கும் காப்பி ஊற்றி, ஆளுக்கு ஒரு பிஸ்கட் கொடுத்து டப்பாவை மூடினாள். ஒரு காலத்தில் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை. "இன்னிக்கும் பாட்டு வகுப்புன்னுதான் சொல்லிட்டு வந்தியா, கெஸீனா?"

"ஆமா."

"ஆறு மாசமா! எங்கே, ஒரு பாட்டு பாடுன்னு ஒரு நாளாவது கேட்டிருப்பாரா உன் வீட்டுக்காரர்?"

"கேட்டதில்ல. வலிக்குதுன்னா நம்ப மாட்டார். பாடப் போறேன்னா நம்புவார்."

அன்னெமீக் பையிலிருந்து கடிதத்தை எடுத்து மேசைமேல் விரித்தாள். நாளைக் காலை அது மருத்துவர்களை விசாரிக்கும் குழுவுக்குப் போக வேண்டும்.

ஐந்து பேருக்கும் கத்தி வைத்தவர் ஒருவர்தான், டாக்டர் ஹூக்கமா. நால்வர் தனித்தனியாக எழுதிய புகார்களெல்லாம் ஒரே பதிலோடு திரும்பிவிட்டன: ஸ்கேனில் ஒன்றும் இல்லை. இந்த முறை சேர்ந்து எழுதியிருந்தார்கள். எழுதிக் கொடுத்தவள் கெஸீனா.

அன்னெமீக் ஓர் இடத்தை உரக்கப் படித்தாள். "'வலி உங்கள் வயிற்றில் இல்லை, தலையில் இருக்கிறது என்று சொல்லும்போது அவர் எங்கள் முகத்தைப் பார்ப்பதில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொல்கிறார். கையைக் கழுவும்போது வாய்க்குள் ஏதோ மெட்டு முனகுகிறார்.' அப்படியே அந்த ஆளைக் கண்ணு முன்னால நிறுத்திட்டே!"

"கண்ணாடி சரிதான். மெட்டை எப்போ கேட்டே?" என்றார் வீபே. "எனக்கெல்லாம் ஊசி குத்தினதும் உலகமே தெரியல. உனக்கும் முழு மயக்கம்னுதானே சொன்னே?"

"நீங்க ஆம்பளைங்க எதைத்தான் கவனிச்சீங்க, விடுங்க," என்றாள் அன்னெமீக். பேனாவை கெஸீனாவிடம் நீட்டினாள். "நாலு கையெழுத்து ஆச்சு. நாலு பேர்னா தற்செயல்னு தள்ளிடுவாங்க, அஞ்சாவதும் வேணும், அதுவும் இதை எழுதினவளோடதுன்னு வக்கீல் சொல்லிட்டார். இதுவும் திரும்பி வந்துச்சுன்னா, திங்கக்கிழமை இன்னும் மூணு பேரை மேசையில படுக்க வெப்பார் அந்த மனுஷன்."

கெஸீனா பேனாவை வாங்கிக்கொண்டாள்.

அந்தக் கடிதத்தை எழுதியபோது யாரோ ஒருத்தியின் வலியை எழுதுவதுபோல் இருந்தது. வார்த்தைகள் தாமாக வந்து விழுந்தன. தலையில் இருக்கிறது என்ற அந்த வாக்கியத்தை அவர் அவளிடம் சொன்னது ஒரு தடவை அல்ல. முதல் தடவை அழுதாள். பிறகு வலிக்காதவள்போல் நடக்கப் பழகினாள். வலியைத் தாங்குவதைவிட அதுதான் பெரிய வேலையாக இருந்தது. இப்போது அந்த யாரோ ஒருத்திக்குப் பெயர் எழுத வேண்டும். காகிதத்தின் அடியில் ஒரு விரல் நீளத்துக்கு இடம் காலியாகக் கிடந்தது.

பேனாவை மூடி, கடிதத்தின் மேல் வைத்தாள்.

"என்ன ஆச்சு?"

"நான் போடல, அன்னெமீக்."

"விளையாடறியா? ஒவ்வொரு வரியும் நீ எழுதினது!"

"எழுதினது எல்லாம் நிஜம். கையெழுத்து மட்டும் போட மாட்டேன்."

வீபே சன்னலை விட்டு மெல்ல நகர்ந்து வந்தார். அவர் குரலில் இப்போது கேலி இல்லை. "நான் திரும்பக் கூரை ஏறப் போறதில்லம்மா. எனக்காகக் கேக்கல. அடுத்து வர்ற ஆளுக்காகக் கேக்கறேன்."

"தெரியும்."

"பின்னே என்ன பயம்?" அன்னெமீக்கின் குரல் உயர்ந்தது. "உன்னை அவர் என்ன பண்ணிட முடியும்? நாங்க நாலு பேரும் போடலையா? அவர் இருக்கிற பக்கமே இனிமே நீ போக வேண்டாமே!"

கெஸீனா கோட்டை எடுத்து, ஒரு கையை மட்டும் மெதுவாக நுழைத்தாள். இன்னொரு கை வழக்கம்போல் அடிவயிற்றின் ஓரத்தை அழுத்திப் பிடித்திருந்தது.

"நீங்கல்லாம் அவர்கிட்டேர்ந்து வீட்டுக்குப் போயிட்டீங்க," என்றாள். "நான் வீட்டுக்குப் போனா, கதவைத் திறக்கப்போறதே அவர்தான்."