ஒன்பது வரிகள்

நெடுங்காடு விவசாயிகளின் நிலப் பத்திரங்களைப் பாதுகாக்கும் ஆப்பில் தகவல்களை ரகசியச் சாவியால் பூட்டும் புதிய என்கிரிப்ஷன் லைப்ரரியைப் பொருத்திக்கொண்டிருந்தோம். நான் பூவத்தில் என் வீட்டில் இருந்தேன், சிவக்குமார் சார் தலத்தெருவில் அவர் வீட்டில். அந்தச் சாவி உள்ள கணினியில் மட்டும் அதன் அடையாளம் ஒன்பது வரிகளாகத் தெரியும். இருவரிடமும் இருப்பது ஒரே சாவிதானா என்று போனில் படித்துச் சரிபார்க்க வேண்டும். ஒரு வரி அவர், அடுத்த வரி நான். வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல இருக்கும், எனக்குப் பிடிக்காத வேலை.

அன்று காலை காற்று பலமாக இருந்ததால் குரல்கள் தெளிவாகக் கேட்கவில்லை. ஆனால் ஒன்பது வரிகளும் பொருந்தின. அவரவர் படித்த வரிக்கு வட்டம் போடுவது வழக்கம். அவர் ஒன்று, நான்கு, ஏழுக்குப் போட்டிருந்தார். நான் இரண்டு, ஐந்து, எட்டுக்கு.

"மூணு, ஆறு, ஒம்பது நீங்கதானே படிச்சீங்க, மதிவதனி?"

"இல்ல சார். நீங்கன்னுல்ல நெனச்சேன்."

அவர் உடனே பழைய சாவியை அழித்துவிட்டுப் புதிதாக ஒன்றை உருவாக்கி எனக்கு மட்டும் அனுப்பினார்.

"இந்தத் தடவ நான் மட்டும் படிக்கிறேன். நீங்க வாயே தொறக்காதீங்க."

முதல் வரியைப் படித்தார். இரண்டாவதை இன்னும் வேகமாகப் படித்தார். நான் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

"கொஞ்சம் மெதுவா படிங்க சார்," என்று போனில் ஒரு குரல் கேட்டது. "நானும் சரிபாக்கணும்ல."