ஞாபகமுள்ள பெட்டி

"ஞாபகம் இருக்கும்ன்றியே, எது எது ஞாபகம் இருக்கும்?" என்று கேட்டார் நாடக சபைத் தலைவர் கலியபெருமாள்.

சாரம் பகுதியில் சபை கட்டிய புது அரங்கத்துக்கு லைட் போர்டு தேர்ந்தெடுக்கும் கூட்டம் அது. மேஜை மேல் இரண்டு பெட்டிகள். ஒன்றில் மேடை விளக்குகளை ஏற்றி இறக்கும் பிடிகள் வரிசையாகத் துருத்திக்கொண்டிருந்தன. மற்றதில் ஒரு பொத்தான், ஒரு சின்னச் சிவப்பு விளக்கு, அவ்வளவுதான்.

இரண்டையும் மெட்ராசிலிருந்து பஸ்ஸில் கொண்டுவந்திருந்தான் இராமதாஸ். மூன்று மாதமாக ஒன்றும் விற்காதவன். இன்று ஒரு பெட்டியாவது விற்காவிட்டால் திங்கட்கிழமை வேலைக்கு வர வேண்டாம் என்று மேனேஜர் சொல்லி அனுப்பியிருந்தார்.

"எல்லாமே ஞாபகம் இருக்கும்ங்க. ஒத்திகையில ஒரு தடவை செஞ்சு காட்டினா போதும். எந்த வசனத்துக்கு எந்த விளக்கு, எத்தனை நொடின்னு பதிஞ்சுக்கும். அப்புறம் பொத்தானை அமுக்கினா அதே மாதிரி செய்யும். பத்து வருஷம் ஆனாலும் மறக்காது."

"பத்து வருஷமா," என்றார் சக்கரபாணி. சபைக்கு ஒன்பது நாடகம் எழுதிக் கொடுத்தவர். "ஒரு நாடகத்துக்குப் போட்ட லைட்டு இன்னொரு நாடகத்துக்கும் அச்சா பொருந்துதுன்னு வச்சுக்கயேன். அதை வெளிய காட்டிக்குமா?"

"காட்டும்ங்க. ஏற்கெனவே பார்த்த கதைன்னா சிவப்பு விளக்கு எரியும்."

சக்கரபாணி பார்த்தார். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

கலியபெருமாள் தொண்டையைச் செருமினார். பிரெஞ்சுக்காரன் காலத்திலேயே சர்க்கார் வேலை பார்த்தவர். சபையின் நிரந்தர ராஜாவும் அவர்தான். "நான் ராஜாவா நிக்கிறேன். நடு சீன்ல கொஞ்சம் யோசனையில நின்னுட்டேன்னு வையி..."

"வசனம் மறந்துட்டா," என்று விளக்கினார் லைட்காரர் கண்ணையன். பகலில் பஞ்சாலை, சாயங்காலம் சபை என்று இருபது வருஷமாகப் பிடி இழுத்து வருபவர்.

"யோசனைன்னு சொன்னேன்யா. அப்ப இந்தப் பெட்டி இன்னா பண்ணும்?"

"உங்க மூஞ்சியில பளிச்சுன்னு விளக்கு போடும்ங்க. ஒத்திகையில அங்க அப்படித்தானே போட்டிருப்பீங்க?"

"அணைக்காதா?"

"அணைக்காதுங்க."

"கண்ணையன் அணைப்பானே."

"நான் உடனே அணைச்சுடுவேன் தம்பி," என்றார் கண்ணையன். "அப்பால இவரு மைக்கப் புடிச்சு, லைட்டு போட்டவன் கெடுத்துட்டான்னு சொல்லுவாரு. ஜனம் என்னைப் பார்த்து ஊளை வுடும். அதுக்குள்ள இவருக்கு வசனம் ஞாபகம் வந்துடும். எங்க நாடகம் எல்லாம் அப்படித்தான் கடைசி சீன் வரைக்கும் போவுது."

"இனிமே அந்தக் கஷ்டமே இல்லீங்க. இது தப்பே பண்ணாது."

கலியபெருமாள் கண்ணையனைத் திரும்பிப் பார்த்தார்.

"இது தப்பு பண்ணலன்னா," என்றார் கலியபெருமாள் மெதுவாக, "தப்பு நடக்கறப்ப நாங்க யாரைத் திட்டுறது?"

"யார் தப்புன்னும் இதுவே சொல்லிடும்ங்க."

கண்ணையனுக்கே பொறுக்கவில்லை. இராமதாசின் காதருகே குனிந்தார். "ஏன் தம்பி, வாயை மூடிக்கிட்டு இருந்தா அதுபாட்டுக்கு வித்துடும்ல?"

இராமதாஸ் கேட்கிற மாதிரி இல்லை. "யார் லேட்டா மேடைக்கு வந்தாங்க, யார் அடுத்தவங்க வசனத்தைப் பேசினாங்க, எல்லாம் உள்ள இருக்கும். வேணுங்கறப்ப எடுத்துப் பார்க்கலாம்."

"யாருக்கு வேணும்?" என்றார் சக்கரபாணி.

கலியபெருமாள் திடீரென்று நிமிர்ந்தார். "சும்மா வாயால சொல்லிக்கினே இருந்தா எப்படி? ஒரு தடவை செஞ்சு காட்டுய்யா."

இராமதாசின் முகம் வெளுத்தது. கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தான். துடைத்த இடத்திலேயே மறுபடி வியர்த்தது.

"தாராளமா காட்டறேங்க," என்றான். "நீங்க உங்க ராஜா வசனத்தை முழுசா ஒரு தடவை சொல்லுங்க. தாள் பார்க்காம. இது பதிஞ்சுக்கும்."

கலியபெருமாள் எழுந்தார். மேல்துண்டைச் சரிசெய்தார். கையை உயர்த்தினார். வாயைத் திறந்தார். சிவப்பு விளக்கு அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. முதல் சொல் வருவதற்காகக் கூட்டம் கொஞ்ச நேரம் காத்திருந்தது.

"நோன்," என்றார் கலியபெருமாள். அவர் பிரெஞ்சில் மறுத்துவிட்டால் சபையில் அதற்கு மேல் பேச்சு கிடையாது.

சக்கரபாணி உடனே தாளை இழுத்துத் தீர்மானம் எழுதினார்: 'கலை என்பது உயிருள்ள மனிதனின் உள்ளத்தில் ஊறுவது. உணர்ச்சியற்ற ஞாபகத்தை நம்பித் தமிழ் மேடை ஒருநாளும் வாழ்ந்ததில்லை. எனவே பிடி வைத்த பெட்டியையே வாங்குவதெனச் சபை ஒருமனதாக முடிவு செய்கிறது.'

"இன்னொரு வாட்டி யோசிச்சுப் பாருங்க ஐயா," என்று இராமதாஸ் கெஞ்சினான். "உலகமே புதுசுக்குப் போயிட்டிருக்கு."

"உலகம் போவட்டும்," என்றார் கலியபெருமாள். "நீ பிடி வச்ச பெட்டியை இங்கயே வச்சுட்டு, மத்ததைத் தூக்கினு கிளம்பு. மொதல்ல அந்தச் சிவப்பு விளக்கை அந்தாண்ட திருப்பு."

ஆர்டர் தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, புதுப் பெட்டியைத் தோளில் வைத்து, தலையைத் தொங்கப் போட்டபடி இராமதாஸ் வெளியேறினான்.

"நல்ல புள்ளதான். வியாபாரந்தான் தெரியல," என்றார் கலியபெருமாள்.

பஸ் ஊரைத் தாண்டியதும் இராமதாஸ் மடியில் இருந்த பெட்டியின் மூடியைத் திறந்து, சிவப்பு விளக்கை எரிய வைத்த டார்ச் பேட்டரியைக் கழற்றினான். பிறகு, அதற்குள் மிச்சமிருந்த ஒரே பொருளான தயிர்சாத டப்பாவை வெளியே எடுத்து, பிடி வைத்த பெட்டியைத் தவிர வேறெதையும் செய்யத் தெரியாத தன் கம்பெனியை வாழ்த்திக்கொண்டே நிம்மதியாகச் சாப்பிட்டான்.