பகல் கல்யாணத்துக்கு ஒரு கில்ட்

“ஐயா, கொய்யகம் பின்னுக்கு வரவேணும். நீங்கள் மறுவளமாய்ச் சுத்திப்போட்டியள்!”

பிரவீணன் சொன்ன பிறகுதான் இரவீந்திரன் கண்ணாடியைப் பார்த்தார். சிவப்பும் பச்சையும் கட்டம் போட்ட தடித்த கம்பளித் துணியின் மடிப்புகள் அத்தனையும் அவருடைய வயிற்றுக்கு முன்னால் பொம்மிக்கொண்டு நின்றன.

“கொய்யகம் எண்டா முன்னுக்குத்தானே, தம்பி?”

“அது வேட்டிக்கு. கில்ட்டுக்கு முன்பக்கம் தட்டையாய் இருக்கவேணும்.”

சோபாவில் இருந்த மனைவி யோகாம்பாள் கைத்தொலைபேசியைத் தூக்கினாள். “இஞ்சாருங்கோ, அப்பிடியே நில்லுங்கோ. ஒரு படம் எடுத்து உங்கடை தம்பிக்கு அனுப்புறன்.”

“அனுப்பினியெண்டா நான் நாளைக்குப் போகமாட்டன்!”

போகாமல் இருக்கவும் முடியாது. ஒஸ்லோவின் வெஸ்ட்லியில் அவர்களுடைய வீட்டு மேல்மாடியில் குடியிருக்கும் ஸ்கொட்லாந்துக்காரன் ஈவனுக்கும், நோர்வேப் பெண் கரோலினாவுக்கும் நாளை கல்யாணம். போன பனிக்காலத்தில் வாசலில் சறுக்கி விழுந்த இரவீந்திரனைத் தூக்கிக் காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடியவன் இந்த ஈவன்தான். “எங்கள் ஊர் ஆண்கள் உடுத்தும் கில்ட் போட்டுக்கொண்டு வந்து முன்வரிசையில் இருக்கவேண்டும்” என்று அவன் கேட்டபோது மறுக்க வாய் வரவில்லை. இப்போதோ, முறை தெரியாமல் எதையாவது செய்து அந்தப் பிள்ளையின் நல்ல நாளைக் கெடுத்துவிடுவேனோ என்ற பயம். அதற்காகத்தான் ஈவனோடு வேலை செய்யும் பிரவீணன் அருகிலுள்ள ரொம்மனிலிருந்து உடுப்புகளோடு வந்திருந்தான்.

அவன் துணியை அவிழ்த்து, மடிப்புகளைப் பின்னுக்குத் தள்ளி, தொப்புள் உயரத்தில் வாரை இறுக்கினான். கீழ் விளிம்பு முழங்காலின் நடுவில் வந்து நின்றது.

“எட்டு யார் நீளத் துணி, ஐயா.”

“எட்டு யாரோ! அது சேலையை விடக் கூடவல்லோ? எங்கை ஒளிச்சு வைச்சிருக்கு?”

“திரும்பிப் பாருங்கோ.”

இரவீந்திரன் கழுத்தை வளைத்துப் பார்த்தார். ஒரு மடிப்பின் கோடு அடுத்த மடிப்பின் கோட்டோடு அச்சாகப் பொருந்தியது. மடித்த துணி என்றே தெரியவில்லை. ஓர் அடி எடுத்து வைத்தார். மடிப்புகளெல்லாம் ஒருசேரத் திறந்து, உள்ளே மறைந்திருந்த கட்டங்களைக் காட்டிவிட்டு, நின்றதும் தம்பாட்டில் மூடிக்கொண்டன.

“அட!”

சாப்பாட்டு மேசையைச் சுற்றி நடந்தார். பிறகு எதிர்ப்பக்கமாகச் சுற்றி வந்தார். “எந்தக் கோடு எங்கை வரும் எண்டு முதலே யோசிச்சு மடிச்சிருக்கிறான் பாரும்! மனிசன் மூளைக்காரன்.”

“அந்த உடுப்புப் பையிலை இருக்கிற கறுப்புக் கோட்டை எடு தம்பி,” என்றாள் யோகாம்பாள். “வெள்ளிப் பொத்தான் எல்லாம் வடிவாயிருக்கு.”

“அது இரவு விருந்துக்கு, அம்மா. கடைக்காரன் மாறி வைச்சிட்டான். பகல் கலியாணத்துக்கு இந்தச் சாம்பல் நிறக் கம்பளிக் கோட்டும், சாதாரண கழுத்து ரையும் காணும். வந்த ஆக்கள் மாப்பிளையை விட மினுங்கக்கூடாது.”

“உள்ளுக்குச் சேட்டும் போடவேணுமோ?” என்று கேட்டார் இரவீந்திரன்.

“என்னய்யா, சேட்டில்லாமலோ கலியாணத்துக்குப் போறது?”

யோகாம்பாளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

பிரவீணன் ஒரு சின்னப் பையை எடுத்தான். “கில்ட்டுக்குப் பொக்கற் இல்லை. அதாலை இது முன்னுக்குத் தொங்கும். இரவுக்கெண்டா குஞ்சமெல்லாம் இருக்கும். பகலுக்கு வெறும் தோல்.”

“தோலோ?” நீட்டிய கை பின்வாங்கியது.

“தெரியும் ஐயா. உங்களுக்கெண்டு துணியிலை தைச்சது ஒண்டு கொண்டந்தனான்.”

இரவீந்திரன் அதை வாங்கிக் கட்டிக்கொண்டார். ஆனாலும் பயம் போகவில்லை.

“அது சரி, நாளைக்கு அங்கை நான் என்ன செய்யவேணும்?”

“ஒண்டுமில்லை. கதிரையிலை இருந்து பாக்கவேணும்.”

“சும்மாவோ?”

“சும்மாதான்.”

“இடையிலை ஒருத்தரும் ஒண்டும் கேக்கமாட்டினமோ?”

“கேக்கமாட்டினம் ஐயா.”

“ஏதும் பிழைச்சுப்போனா?”

“சும்மா இருக்கிறதிலை என்னத்தைப் பிழைக்கிறது?”

இரவீந்திரன் மனைவியைப் பார்த்தார். அவளும் நம்பாதவள் போலத்தான் பார்த்தாள்.

மறுநாள் மத்தியானம் ஒஸ்லோ நகரசபைக் கட்டடத்தில், பூவேலை செய்த புனாட் என்னும் மரபுடை உடுத்த நோர்வேப் பெண்களுக்கும் கில்ட் அணிந்த ஸ்கொட்லாந்துக்காரர்களுக்கும் நடுவில் அவர் போய் அமர்ந்தார். கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் வைத்தார். ஈவன் அவரைக் கண்டதும் நெஞ்சில் கை வைத்துத் தலை குனிந்தான்.

கரோலினா வந்தாள். மோதிரம் ஈவனின் விரல் மூட்டில் சிக்கிக்கொண்டது. அவள் உதட்டைக் கடித்தாள். மெல்லத் திருகினாள். மோதிரம் இறங்கியதும் அவள் முகம் முழுக்கச் சிரிப்புப் பரவி, அந்தச் சிரிப்பின் நடுவிலேயே கண்ணீர் வழிந்தது. இரவீந்திரன் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய கன்னமும் நனைந்திருந்தது.

“என்னய்யா, அழுறியள்?” பக்கத்தில் இருந்த பிரவீணன் காதுக்குள் கேட்டான். “உங்களுக்குக் கலியாணம் புதுசோ? ஒஸ்லோவிலை எங்கடை சனத்திலை பாதிப்பேருக்கு நீங்கள்தானே தாலி எடுத்துக் குடுத்தனீங்கள்! எனக்கும் நீங்கள்தானே!”

கோயில் குருக்கள் இரவீந்திர சர்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். “எடுத்துக் குடுத்தனான் தம்பி. அந்த நேரமெல்லாம் என்ரை வாய் மந்திரத்திலை, கண் அக்கினியிலை. ஒரு கலியாணப் பொம்பிளையின்ரை முகத்தை இண்டைக்குத்தான் பாத்தனான்.”